கருவாட்டு மூட்டையோடு போன புஷ்பமேரி

பாம்பன் தெற்குவாடியில் புஷ்பமேரி வீடு எது என்று நீங்கள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், சத்தம் வந்துவிடும். "உப்புப் போட்டியா?" என்று அவள் அடுப்படியில் கேட்பது கடற்கரையில் வலை சரிசெய்கிறவர்கள் காதில் விழும். அவளை வாயாடி என்று நினைத்துவிட வேண்டாம். சின்ன வயதிலிருந்து கடலுக்குள் முங்கிப் பாசி எடுத்த காது. தண்ணீர் அழுத்தி அழுத்திப் பாதி கேட்காது. தனக்குக் கேட்காததால் பிறருக்கும் கேட்காது என்று அவளாக முடிவு செய்துகொண்டு கத்திப் பேசுகிறாள். அவள் கணவன் அருளானந்தம் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். வீட்டுக்குத் தேவையான சத்தத்தை எல்லாம் மனைவியே போட்டுவிடுவதால் அவர் அநேகமாகப் பேசுவதே இல்லை.

அவளுடைய வேலை இதுதான். விடிவதற்குள் மற்றப் பெண்களோடு வள்ளத்தில் ஏறித் தீவுப் பக்கம் போக வேண்டும். சேலைக்கு மேலே கணவனின் பழைய முழுக்கைச் சட்டை. விரல்களில் பாறை கிழிக்காமல் இருக்கத் துணிச் சுற்று. கண்ணுக்குக் கண்ணாடி. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டிய பாசியைப் பிய்த்து இடுப்பில் கட்டிய பையில் அடைத்து மேலே வர வேண்டும். இதை அவள் தன் அம்மா பிரெசில்லாவிடம் கற்றுக்கொண்டாள் என்று சொல்வார்கள். புஷ்பமேரியைக் கேட்டால், "தண்ணிக்குள்ள தூக்கிப் போட்டாக, வெளிய வந்தேன். இதுல என்னத்தக் கத்துக்குறது?" என்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு தீராத ஆசை உண்டு. மீன்பிடித் தடைக்காலம் வந்ததும் பங்குக் கோயிலிலிருந்து சிலரை வெளியூர்களுக்கு மிஷன் பணிக்கு அனுப்புவார்கள். பத்து நாள் போய்த் தங்கி, பிள்ளைகளுக்குப் பாட்டும் படிப்பும் சொல்லிக்கொடுத்து, மருந்து மாத்திரை கொடுத்து, கேட்கிறவர்களுக்குக் கடவுள் தங்களுக்குச் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லிவிட்டு வருவார்கள். வருஷாவருஷம் புஷ்பமேரி போய் நிற்பாள். வருஷாவருஷம் உபதேசியார் ஆன்டனி ராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "பைபிள் வாசிக்கத் தெரியணுமே மேரி" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அவளும் விடவில்லை. வாசிக்கத்தான் தெரியாது, சாட்சி சொல்லக்கூடவா தெரியாது என்று, பங்குக் கோயிலில் கேட்ட நல்ல நல்ல பேச்சுகளில் இருந்தெல்லாம் துண்டு துண்டாக எடுத்து ஒரு சாட்சியைத் தயாரித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். முங்கும்போதெல்லாம் அதை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொள்வாள்.

அந்த வருஷம் வாய்ப்பு அவளைத் தேடி வந்தது. முதுகுளத்தூருக்குத் தெற்கே வேப்பங்கண்மாய் என்று ஓர் ஊர். நெல்லும் மிளகாயும் விளையும் பூமி. அந்த ஊர்த் தலைவரான அம்பலம் சோணைமுத்து தன் பேத்திக்காக அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட இராமேஸ்வரம் வந்தவர், திரும்பும் வழியில் பாம்பன் கரையில் பாசி எடுத்துவிட்டு வள்ளத்திலிருந்து நீந்தி வந்த பெண்களைப் பார்த்துவிட்டார். பார்த்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாராம். அவருடைய பேத்தி பூமயில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருவிழாவில் முளைப்பாரி கரைக்கப் போன இடத்தில், கண்மாயில் சவுடு மண் அள்ளிய குழிக்குள் போய்விட்டாள். கரையில் நூறு பெண்கள் நின்றார்கள், ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. சோணைமுத்து நேரே பங்குத்தந்தை பிரடெரிக் சாமியிடம் போய், "எங்க ஊருப் பொம்பளப் பிள்ளைகளுக்கு இதச் சொல்லிக் குடுக்க ஆள் அனுப்புவீகளா?" என்று கேட்டார்.

சாமி புஷ்பமேரியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் மகிழ்ச்சியில் போட்ட சத்தத்துக்குப் புறாக்கள் கோபுரத்தை விட்டுப் பறந்தன.

"ஆனா ஒண்ணு மேரி. அவுக நீச்சலுக்குத்தான் கூப்பிட்டிருக்காக. போதனை எதுவும் வேண்டாம்."

"சாட்சி சாமி? மனப்பாடமா வச்சிருக்கேனே?"

"அவுகளாக் கேட்டா மட்டும் சொல்லு."

அவளுக்கு முகம் தொங்கிவிட்டது. கேட்டால் மட்டும் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? இருந்தாலும் கிளம்பினாள். துணைக்கு நர்ஸ் படிப்பு முடித்திருந்த ஜாஸ்லின் வந்தாள். முதன்முதலாக ஓர் ஊருக்குப் போகிறோம், வெறுங்கையோடு போவதாவது என்று, புஷ்பமேரி ஒரு சாக்கு நிறையக் கருவாடு கட்டினாள். நெத்திலி, சீலா, திருக்கை என்று எல்லாம் முதல் தரம். கடற்கரைக்காரர்கள் யார் வீட்டுக்குப் போனாலும் அதைத்தான் கொண்டுபோவார்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லி அவள் பார்த்ததில்லை.

வேன் அவர்களைச் சாயங்காலம் வேப்பங்கண்மாய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. புஷ்பமேரி சுற்றுமுற்றும் பார்த்தாள். கடல் இல்லாத ஓர் ஊரில் அவள் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கருவேல மரமும் வயல் வரப்பும்தான். காற்றில் உப்பு இல்லை. திசை தெரியாமல் அவளுக்குத் தலை சுற்றியது. ஆனால் வந்த வேலையை உடனே தொடங்கிவிட வேண்டும் என்று மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருவுக்குள் நடந்தாள். தெரு முழுக்கச் சாணி தெளித்து, வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள், மஞ்சள் தண்ணீர் மணத்தது. நமக்குத்தான் இத்தனை வரவேற்பு என்று அவளுக்கு நெஞ்சு விம்மியது.

முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் வெங்கலப் பானையை விளக்கிக்கொண்டிருந்தாள். புஷ்பமேரி மூட்டையை இறக்கி, வாயைப் பிரித்து, இரண்டு கை நிறையச் சீலாக் கருவாட்டை அள்ளி அவள் மடிக்கு நேரே நீட்டினாள்.

"பாம்பன்லருந்து வாரோம் தாயி! மொதத் தரம்! வாங்கிக்க!"

அந்தப் பெண் பானையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். அடுத்த வீட்டுக் கதவு சாத்தியது. அதற்கடுத்த வீட்டில் ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி மட்டும் தூணுக்குப் பின்னால் நின்று, சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினாள். அவள்தான் கவிப்ரியா, இறந்துபோன பூமயிலின் தங்கை.

வேட்டியை மடித்துக் கட்டியபடி சோணைமுத்து ஓடி வந்தார்.

"ஏம்மா, என்ன காரியம் பண்ணிப்புட்ட! இன்னைக்கு எங்க ஆத்தாவுக்குக் காப்புக் கட்டு. ஊரே வெரதம். கறி மீன் வாடைகூட ஆகாது. தாளிக்கக்கூட மாட்டோம். நீ மூட்டையோட வந்து நிக்கிறியே!"

திருவிழா அடுத்த மாதம் என்றுதான் முதலில் நாள் குறித்திருந்தார்கள். பிறகு குறி சொல்லும் கோடாங்கி சொல்லி முன்னால் கொண்டு வந்துவிட்டார்கள். அதைப் பிரடெரிக் சாமிக்குச் சொல்லச் சோணைமுத்து மறந்துபோனார். தவறு அவர் மேல்தான். ஆனாலும் ஊர் பொதுப் பொட்டலான மந்தையில் கூடி அவர் மேலா பாயும்? வந்தவர்கள் மேல் பாய்ந்தது. உடனே திருப்பி அனுப்பு என்றார்கள். வேன் போய்விட்டது, அந்நேரத்துக்குப் பஸ்ஸும் இல்லை. சரி, காலையில் போகட்டும் என்று விட்டுவிட்டு அம்மனுக்குக் காப்பும் கட்டிவிட்டார்கள். கருவாட்டு மூட்டையை மட்டும் ஊர் எல்லைக்கு அப்பால் ஒரு கருவேல மரத்தில் உயரக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

காலையில் ஜாஸ்லின் பையை மூடித் தயாராக நின்றாள். புஷ்பமேரி தரையில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த மிஷன் ஒரு ராத்திரியில் முடிந்துபோனதை உபதேசியாரிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று அவளுக்கு அழுகை முட்டியது. அப்போது சோணைமுத்து தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"நீங்க போக முடியாதும்மா."

"என்ன?"

"காப்புக் கட்டயில ஊருக்குள்ள இருந்தவுக யாரும் திருவிழா முடியாம வெளிய போயித் தங்கக் கூடாது. அது ஆத்தா கட்டளை. நீங்களும் இங்கனதான இருந்தீக. முளைப்பாரி கரைக்கிற வரைக்கும் இருந்துதான் ஆகணும்."

துரத்த வேண்டும் என்று கத்திய அதே ஊர், இப்போது அவர்களைப் போக விட முடியாமல் மாட்டிக்கொண்டது. புஷ்பமேரி வாயைப் பொத்திச் சிரித்தாள். பொத்தியும் அது மந்தை வரை கேட்டது.

இருக்கத்தான் போகிறார்கள் என்றால் நீச்சலாவது நடக்கட்டும் என்று ஊர் இறங்கி வந்தது. அந்த வருஷம் மழை பிந்திப் பெய்ததால் சித்திரையிலும் கண்மாயில் தண்ணீர் கிடந்தது. ஆண்கள் காலையில் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். புஷ்பமேரி சேலைக்கு மேலே சட்டையை மாட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். அவள் கவலைப்படவில்லை. முதலில் தானே இறங்கி, காலால் துழாவிச் சவுடுக் குழியின் விளிம்பைக் கண்டுபிடித்தாள். விளிம்பு நெடுகக் காலி எண்ணெய்க் கேன்களைக் கயிற்றில் கோத்து மிதக்கவிட்டாள். பிறகு மேடான பக்கத்தில் பிள்ளைகளை இறக்கி, ஆளுக்கொரு கேனைக் கட்டிப்பிடிக்கச் சொன்னாள். அவள் கத்துகிற கத்துக்குப் பயந்தே பிள்ளைகள் தண்ணீருக்குப் பயப்படுவதை மறந்துவிட்டார்கள். இரண்டு மூன்று நாளில் கேனை விட்டுவிட்டுக் கைகாலை அடிக்கத் தொடங்கினார்கள். கடல் அத்தை என்பதைச் சேர்த்து அவளைக் கடலத்தை என்று கூப்பிட்டார்கள்.

ஒரே ஒருத்திதான் கரையை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் கவிப்ரியாவின் அம்மா முத்தழகு. மகளைத் தண்ணீரில் விட அவளுக்குச் சம்மதமே இல்லை. மாமனார் சோணைமுத்து சொன்னதற்காக விட்டாள். விட்டவள் மகள் இடுப்பில் ஒரு தாம்புக்கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கவிப்ரியா நாலு முழம் போனதும் கயிறு இழுத்துவிடும். மாடு தண்ணீர் குடிக்கிற தூரத்துக்கு மேல் அவளால் போக முடியவில்லை.

"இந்த வருசம் முளைப்பாரிய நான்தான் எடுப்பேன்னு நேந்துருக்கேன் அத்தை" என்றாள் கவிப்ரியா. "அக்கா எடுத்த முளைப்பாரி. அம்மா விடவே மாட்டேங்குது."

புஷ்பமேரி கரையைப் பார்த்தாள். முத்தழகின் மணிக்கட்டில் கயிறு சிவப்பாகத் தடம் பதித்திருந்தது. எத்தனை பிள்ளைகள் நீந்தினாலும் இந்தக் கயிறு அவிழாவிட்டால் தான் வந்தது வீண் என்று அவளுக்குத் தோன்றியது.

அவிழ்கிற வேளை வருவதற்குள் வில்லங்கம் வந்தது. ஒரு நாள் கவிப்ரியா வீட்டில் குளிக்கப் போனாள். வாளியில் செம்பை முக்கினாள். தலையில் ஊற்றுவதற்கு முன்னால் நெற்றியையும் நெஞ்சையும் இரண்டு தோளையும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். விசாரித்தால், கண்மாய்க்கு வந்த பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்களாம். ஒரு வாண்டு மழைத்தண்ணீர் தேங்கிய குட்டையைத் தாண்டுவதற்குக்கூடச் சிலுவை போட்டுவிட்டுத் தாண்டியதாம்.

ஊர் கொதித்தது. காப்புக் கட்டின நாட்களில் இப்படி ஒரு காரியமா? மந்தைக்குக் கூப்பிட்டார்கள்.

"நீச்சல்னு சொல்லிப்புட்டு எங்க பிள்ளைகள வேதத்துல சேக்குறியா?" சோணைமுத்து துண்டை உதறியபடி கேட்டார்.

புஷ்பமேரி திகைத்தாள். "அய்யய்யோ! நான் ஒண்ணுமே சொல்லலையே அய்யா! வாயத் தெறக்கக் கூடாதுன்னு எங்க சாமி சொல்லி அனுப்பிச்சிருக்காரு!"

ஜாஸ்லின் அவள் தோளைத் தொட்டாள். "நீங்க போட்டீங்கக்கா. ஒவ்வொரு தடவை முங்கயிலயும் போட்டீங்க."

"நானா? எப்ப?"

அவளுக்கே தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து முங்குவதற்கு முன்னால் சிலுவை போட்ட கை. மூச்சு இழுப்பதும் அதுவும் ஒன்றாகவே நடந்துவிடும். பிள்ளைகள் பார்த்தார்கள். கடலத்தை கையை இப்படி வைக்கிறாள், கண்ணாடியை இழுத்து விடுகிறாள், முங்குகிறாள். எல்லாமே நீச்சல் பாடம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"அது போட்டாத்தான தாத்தா மெதக்கும்?" என்று அந்தக் குட்டை தாண்டிய வாண்டு கேட்டது. யாராலும் சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. கடைசியில், திருவிழா முடிகிற வரை இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், கண்மாய்ப் பக்கம் மட்டும் போகக் கூடாது என்று முடிவாயிற்று.

அடுத்த நாள் காலை பள்ளிக்கூட வராந்தாவில் புஷ்பமேரி சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் வாழ்நாளில் சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்த காலை அது ஒன்றுதான். அப்போது முத்தழகு வந்தாள். கையில் ஒரு செம்பு மோர். அதைக் கீழே வைத்துவிட்டு, உட்காராமல் தூணில் சாய்ந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும். எதுக்கு அதப் போடுற?"

புஷ்பமேரி நிமிர்ந்து பார்த்தாள். கேட்டால் மட்டும் சொல்லு என்று சாமி சொன்ன அந்தக் கேள்வி வந்தேவிட்டது. மனப்பாடமாக வைத்திருந்த சாட்சியை எடுக்க வாயைத் திறந்தாள். ஒரு சொல்கூட வரவில்லை. எத்தனையோ வருஷம் முங்கி முங்கி ஓட்டிப் பார்த்த சாட்சி, தண்ணீரில் போட்ட உப்பாகக் கரைந்துபோயிருந்தது. ஆகவே உள்ளதைச் சொன்னாள்.

"பயந்துதான் தாயி."

"பயமா? ஒனக்கா?"

"பயமில்லாதவ கடல்ல செத்துப்போவா. நான் புதுசாக் கல்யாணம் ஆன வயசு. எல்லாருக்கும் முந்திப் பாசிய அள்ளிப்புடணும்னு, சிலுவையும் போடாம, தண்ணியையும் பாக்காம வள்ளத்துலருந்து பாஞ்சேன். சேலை பாறையில மாட்டிக்கிருச்சு. கூட வந்தவ அறுத்து இழுத்துப் போட்டா. அதுக்குப் பெறகு ஒரு தடவகூட விட்டதில்ல, கை தானாப் போயிரும். ஏஞ் சாமிய நெனைக்கிறேன், நெசந்தான். அவர நெனைக்கிற அந்த ஒரு மூச்சு நேரம் நிக்கிறேன் பாரு, அப்பத்தான் தண்ணி கலங்கியிருக்கா, ஓட்டம் எந்தப் பக்கம்னு கண்ணுக்குத் தெரியுது. அவரு என்னைய நிக்க வைக்கிறாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

 முத்தழகு தூணிலிருந்து சறுக்கிக் கீழே உட்கார்ந்தாள்.

"எம் மக ஓடுனா" என்றாள். "முளைப்பாரியக் கரைச்சுப்புட்டு, சிரிச்சுக்கிட்டே, வெளையாட்டா உள்ள ஓடுனா. ஒரு மூச்சு நின்னுருந்தா..."

 பெருங்குரலெடுத்து அழுதாள். இரண்டு வருஷம் கயிற்றைச் சுற்றி இறுக்கி வைத்திருந்த அழுகை அது. புஷ்பமேரியும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மோர் வெயிலில் புளித்துப்போயிற்று.

அன்று மந்தைக்குப் போய் ஆண்கள் நடுவில் பேசியது முத்தழகு. அந்த வீட்டு மருமகள் மாமனார் எதிரில் குரல் உயர்த்திப் பேசி அந்த ஊர் பார்த்ததில்லை.

"அவுக அவுக சாமிய நெனைச்சு நிக்கிறாக. நம்ம பிள்ளைக நம்ம ஆத்தாவ நெனைச்சு நிக்கட்டும். தண்ணிக்கு முன்னாடி கையெடுத்துக் கும்புட்டு, ஆத்தான்னு ஒரு மூச்சு நிண்டுட்டு எறங்கட்டும். அதுல என்ன குத்தம்? ஓடாம நிக்கச் சொல்லிக் குடுக்கத்தான மாமா நீங்க ஆளக் கூட்டியாந்தீக?"

சோணைமுத்து துண்டால் கண்ணைத் துடைத்தார். "பிள்ளைகள யாரு பாத்துக்கிறது? மறுபடியும் ஏதாச்சும் தப்பு நடந்துச்சுன்னா?"

"நானும் எறங்குறேன்" என்றாள் முத்தழகு.

சொல்லிவிட்டாளே தவிர இறங்குவது எளிதாக இல்லை. அவளைப் போல ஒரு மாணவி புஷ்பமேரிக்கு வாய்த்ததே இல்லை. உடம்பு உலக்கையாக விறைத்துவிடும். முதுகுக்கு அடியில் புஷ்பமேரி கையைக் கொடுத்திருக்கும் வரை மிதப்பாள். கையை எடுத்தால் நேரே தரைக்குப் போய்விடுவாள். மகள் கவிப்ரியா பக்கத்திலேயே மீன்குஞ்சு போலச் சுற்றிச் சுற்றி நீந்துகிறாள், அம்மா தண்ணீரைக் குடித்துத் துப்புகிறாள்.

"ஒடம்ப விடு தாயி! தண்ணி ஒன்னையத் தாங்கும்! நீ அதப் புடிக்காத, அது ஒன்னையப் புடிக்கும்!" என்று புஷ்பமேரி கத்துவாள்.

"எம் மகளத் தாங்கலையே" என்பாள் முத்தழகு.  புஷ்பமேரி மறுபடி முதுகுக்கு அடியில் கையைக் கொடுப்பாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

திருவிழா முடிகிற நாள் வந்தது. முத்தழகு அதுவரை மிதக்கவில்லை. ஆனால் காலையில் அவளே தாம்புக்கயிற்றை எடுத்துக்கொண்டுபோய் மாட்டுத் தொழுவத்தில் மாட்டிவிட்டு வந்தாள். கவிப்ரியா தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, அக்காவுக்குப் பதிலாக முளைப்பாரியைத் தலையில் ஏற்றினாள். பின்னால் முத்தழகும் மஞ்சள் சேலை கட்டி ஒன்றை ஏற்றினாள். கொட்டும் குலவையும் கும்மியுமாக ஊரே கண்மாய்க்கு நடந்தது. புஷ்பமேரிக்கு ஊர் ஓர் இடம் கொடுத்திருந்தது. கேன்கள் மிதக்கிற எல்லையில், கழுத்தளவுத் தண்ணீரில், சவுடுக் குழிக்குக் காவலாக அவள் நின்றாள்.

பெண்கள் கரைக்கு வந்தார்கள். முந்திய வருஷங்களில் இந்த இடத்தில் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். அன்று தண்ணீர் விளிம்பில் அத்தனை பேரும் நின்றார்கள். தலையில் சுமை இருந்ததால் கை கூப்ப முடியாமல் கண்ணை மட்டும் மூடினார்கள். "ஆத்தா" என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். அத்தனை பெண்கள் ஒரு சேர நின்ற அந்த அமைதியில் புஷ்பமேரிக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் கை, கழுத்தளவுத் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து, தன் பாட்டுக்குச் சிலுவை போட்டுக்கொண்டது. யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் அன்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெண்கள் இறங்கினார்கள். மண் கரைந்தது. பச்சைப் பயிர்கள் தண்ணீரில் பரவின. கவிப்ரியா தன் முளைப்பாரியைக் கரைத்துவிட்டு, நிதானமாக நீந்திக் கேன் வரைக்கும் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினாள். கரையில் குலவை வெடித்தது. முத்தழகு தன்னுடையதையும் கரைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே கேன்கள் பக்கம் வந்து, மகளை எட்டிப் பிடிக்க ஓர் எட்டு முன்னால் வைத்தாள். வைத்த இடத்தில் சேறு வழுக்கியது. சறுக்கி, கேன் கயிற்றுக்கு அடியில் குழிக்குள் போனாள்.

குலவை நின்றது. சோணைமுத்து கரையிலிருந்து வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார். புஷ்பமேரி ஒரே வீச்சில் அந்த இடத்துக்கு வந்துவிட்டாள். கையை நீட்டினாள். தலைமயிரைப் பிடிக்கிற தூரம். அப்போது முத்தழகின் முகம் தண்ணீருக்கு மேலே வந்தது. கண் அகலத் திறந்திருந்தது. கையையும் காலையும் அடித்துக்கொள்ளவில்லை. உதடு அசைந்தது. "ஆத்தா."

ஒரு மூச்சு நின்றாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்தாள், நெஞ்சை மேலே தூக்கினாள், உடம்பை விட்டாள்.

நீட்டிய கையை இழுத்துக்கொள்வதுதான் புஷ்பமேரி வாழ்க்கையில் செய்த மிகக் கடினமான வேலை. இழுத்துக்கொண்டாள். மகளை விழுங்கிய அதே குழியின் மேலே, மஞ்சள் சேலை சுற்றிலும் விரிய, முளைப்பாரிப் பயிர்களுக்கு நடுவே முத்தழகு மல்லாந்து மிதந்தாள். கவிப்ரியா நீந்தி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் மெல்ல மெல்ல மேட்டுக்கு வந்தார்கள்.

மறுபடி எழுந்த முதல் குலவை கரையிலிருந்து வரவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. வாழ்க்கையில் அதுவரை குலவையே போட்டிராத பாம்பன் புஷ்பமேரி நாக்கைச் சுழற்றிப் போட்டாள். அது குலவை மாதிரியும் இல்லை, படகைக் கூப்பிடுகிற சத்தம் மாதிரியும் இல்லை. ஆனால் கண்மாயின் அக்கரைக் கொக்குகள் எழுந்து பறந்தன. பிறகு ஊரே சேர்ந்துகொண்டது. முத்தழகு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மூச்சு வாங்க, கத்திச் சொன்னாள்.

"மதினி! தாங்குச்சு! தண்ணி என்னையத் தாங்குச்சு மதினி!"

மதினி என்று அவள் கூப்பிட்டது அப்போதுதான் முதல் தடவை.

அன்று காப்பு அவிழ்த்ததும் ஊர் இளவட்டங்கள் எல்லையில் கருவேல மரத்தில் தொங்கிய மூட்டையை இறக்கிக்கொண்டு வந்தார்கள். சித்திரை வெயிலில் கருவாடு இன்னும் நன்றாகக் காய்ந்து கமகமத்தது. மந்தையில் அண்டா வைத்துக் கத்திரிக்காயும் மாங்காயும் போட்டுக் குழம்பு வைத்தார்கள். அத்தனை நாள் தாளிக்காத ஊரில் கடுகு வெடித்தது. முதல் நாள் பானையைப் போட்டுவிட்டு ஓடிய பெண் மூன்றாவது தடவை வந்து கிண்ணத்தை நீட்டினாள். "மொதத் தரம்தான்" என்று ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாம்பன் கோயிலில், பூசை முடிந்ததும் மிஷனுக்குப் போய்வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொன்னார்கள். எத்தனை குடும்பங்களைச் சந்தித்தோம், எத்தனை கூட்டம் நடத்தினோம் என்று நன்றாகச் சொன்னார்கள். கடைசியில் பிரடெரிக் சாமி புஷ்பமேரியைக் கைகாட்டினார். உபதேசியார் ஆன்டனி ராஜ் மைக்கைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் அதைத் தள்ளி வைத்தாள். மைக் அவளுக்கு எதற்கு?

நின்றாள். மனப்பாடம் செய்த சாட்சி எங்கேயோ போயிருந்தது, அவள் தேடவும் இல்லை. முன்வரிசையில் கூட்டாளிப் பெண்கள், துணிச்சுற்றின் தடம் விரலில் இன்னும் மாறாமல் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் கடலோடிகள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர் அந்தக் கோயிலுக்கு வருகிற எல்லா வீட்டிலும் உண்டு. புஷ்பமேரி நெற்றியிலிருந்து நெஞ்சுக்குக் கையைக் கொண்டுவந்து, ஒரு மூச்சு நின்றாள்.

"அங்கன முத்தழகுன்னு ஒருத்தி" என்றாள். "அவ மக போன குழியிலேயே விழுந்தா. விழுந்தவ, மெதந்து வந்துட்டா."

அவ்வளவுதான் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.  பின்வரிசையில் யாரோ எழுந்து நின்று கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் அருளானந்தம். பேசாத அந்த மனிதர் கண்ணீரைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் தட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு கோயில் முழுக்க எழுந்து நின்றது.

உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவள் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அடுத்த வருசம் எந்த ஊருக்குப் போற மேரி?" என்று கேட்டார்.